பாலத்து இணைப்பு

ஐம்பத்தைந்து மைல் வரை ஒரு குறையுமில்லை.
பிளாட் ஆற்றுப் பாலத்தின் இரும்பு இணைப்பில்
முன்சக்கரம் ஒருமுறை தடுக்கும்.
அவ்வளவுதான்,
ஸ்டீயரிங் என்னைப் பிடித்து உலுக்கத் தொடங்கும்,
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடித்தாற்போல்.

வாங்கி நாற்பது நாள்.
ஆறு வருடத் தவணையில் ஒன்று கட்டியாயிற்று.

"இந்த வகை வண்டிக்கு இது சகஜம்" என்றான் ஓரின்,
சர்வீஸ் கவுண்டருக்கு அப்பாலிருந்து.
முதல்முறை டயரில் காற்றைக் குறைத்தான்.
அடுத்தமுறை டாம்பர் மாற்றினான்.
மூன்றாவதில் காகிதத்தில் எழுதினான்:
புகார் உறுதிப்படவில்லை.

சாவியை நீட்டினேன்.
"நீ ஓட்டு. நான் பக்கத்தில் இருக்கிறேன்."
ராலின்ஸ் தாண்டியும்
மகளின் கூடைப்பந்து பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.
வயோமிங் காற்று கதவை முட்டிக்கொண்டிருந்தது.
பாலம்.

பேச்சு நின்றது.
காப்பி அவன் மடியில்.
பின்னால் வந்த மாட்டு லாரி ஹாரனை விடவேயில்லை.
வேகம் இருபதுக்கு இறங்கிய பிறகும்
அவன் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஓரங்கட்டி, பனிச்சேற்றில் மல்லாந்து,
அடியில் புகுந்து ஒவ்வொரு போல்ட்டாய்த் தொட்டான்.
நெடுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது:
"டிராக் பார் போல்ட், லவான்.
கையாலேயே திருகுது."

"அதையும் காகிதத்தில் எழுது" என்றேன்.