புகைக்குத் தனிக் கோப்பு

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
என்னிடம் புகையும்.
தீ ஒரு கோப்பு, புகை வேறொரு கோப்பு,
ஒன்றுக்கொன்று அறிமுகமே கிடையாது.

காஸ்டெலோ பிராங்கோவில், மூன்றாம் மாடியில்,
சமையலறை மேசையின் மீன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு
ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன்.
நான்காம் கட்டத்தில் ஒரு மரஆலை எரிய வேண்டும்.

வரைந்தது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி,
ஓரம் மங்கலாக.
அதையே நொடிக்கு நானூறு முறை பெற்றுப் போடுகிறது கணினி.
பிறக்கும்போது மஞ்சள்,
பாதி வழியில் ஆரஞ்சு,
பிறகு செங்கல் நிறம்.
எல்லாம் ஒரே வயதில் செத்தால் அது தீ இல்லை, நீரூற்று;
அதனால் ஆளுக்கொரு ஆயுள்,
குலுக்கிப் போட்டது.
ஈர்ப்பு விசைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.
அவ்வளவுதான், எல்லாம் மேலே போய்விட்டன.

மடிக்கணினியின் விசிறி அலறுகிறது.
இந்தத் தீயில் சுடுவது அது மட்டும்தான்.

மூன்றரை மணிக்கு கிராசியெட் வந்தாள்.
தன்னார்வத் தீயணைப்புப் படை, இரண்டாம் வண்டி,
இந்த வாரம் நான்காவது அழைப்பு.
பூட்ஸைப் பால்கனியில் கழற்றுவதற்குள்
வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆறிப்போன மத்தியைத் தலையோடு தின்றபடி
என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.
“அழகா இருக்கு.”
அது பாராட்டு இல்லை.
“உன் புகை ஏன் மேலேயே போகுது?
இன்னைக்கு அது எழுந்திருக்கவே இல்லை, நேலியு.
யூகலிப்டஸ் சரிவில படுத்துக்கிச்சு.
தெல்மு குரல் பக்கத்தில கேட்டுது,
தெல்முவைக் காணோம்.”
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
“கிடைச்சுட்டான். வண்டியிலயே தூங்கறான்.”

கழித்தல் குறியை அழித்தேன்.
புகை ஒரு கணம் யோசித்தது.
பிறகு மரஆலையின் படிகளில்
பொங்கிய பால் வழிவதுபோல் இறங்கி வந்தது.
“காத்து,” என்றாள். “இடப்பக்கம் இருந்து. விட்டு விட்டு.”
போட்டேன்.
“இன்னும் கறுப்பா.”
போட்டேன்.
“இப்போ?”
நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தாள்,
கையில் மீன் முள்.

விளையாட்டு நகர மறுத்தது. நொடிக்கு ஒன்பது சட்டகம்.
தீயைக் குறைத்தேன். முழுதாக அணைத்தேன்.
அப்போதும் ஒன்பது.
எண்ணிக் காட்டச் சொன்னேன்:
பதினோராயிரத்துச் சொச்சம் புகைத் துகள்கள்.
திரையில் ஒன்றுகூட இல்லை.

நிறத்தைப் பூஜ்யம்வரை மங்கவைத்தவன்
நீக்கச் சொல்ல மறந்திருந்தேன்.
ஒவ்வொன்றும் இன்னும் மிதக்கிறது,
ஒவ்வொன்றுக்கும் கணினி
இன்னும் காற்றைக் கணக்கிடுகிறது.

ஒரு வரிதான். சேர்த்தேன்.
விசிறி அடங்கியது.

அந்த அமைதியில்தான் கேட்டது,
அவள் தூக்கத்தில் இருமுவது.
இரண்டு முறை.
முடிந்தது என்று நினைத்த பிறகு
மூன்றாவது.