முதல் பத்து மணி நேரம்

படகு நாலாயிரம். எஞ்சின் பதினேழாயிரம்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம் என்று
பில்லைப் பார்த்துச் சிரித்தாள் மனைவி.
பாதிப் பணம் அவள் அண்ணனுடையது,
அதனால் பாதிதான் சிரிப்பு.

கெசிக் துறையில், மே மாதத்து இரண்டாம் சனி,
வென்டெல் சங்கிலியைக் கொளுவிவிட்டு
போல்டுகளைக் கழற்றினான்.
மூன்று வந்தன.
நாலாவது, இருபத்தேழு வருசம் பிடித்த இடம்
விடமாட்டேன் என்றது.
கொஞ்சம் நெருப்பு, கொஞ்சம் சுத்தியல்,
அவனிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு வசை,
மச்சான் அருள்நேசனிடமிருந்து தமிழில் ஒன்று.
எதற்குப் பயந்ததோ, விட்டது.

பழைய எஞ்சின் அந்தரத்தில் மெல்லச் சுழன்றது.
அது போன இடத்தில்
வெயில் காணாத ஒரு நீலம்.
இரண்டாம் கையாக வாங்கியவர்கள் நாங்கள்;
எங்கள் படகின் நிறம் இதுதான் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஐந்து நிமிடம்.
பிறகு புதியது வந்து மூடிக்கொண்டது.

"ஓடுற எஞ்சினை ஏன் மாத்துறாய்?"
குளிர்காலம் முழுக்க மச்சான் கேட்ட கேள்வி.
ஓடியதுதான்.
ஜோர்ஜினா தீவுக்கு அப்பால்
மூன்று தரம் நின்றும் போனது.
இழுத்துவந்த மீன்பிடிக்காரருக்கு
மட்டன் ரோல்ஸ் கொடுத்தோம்.
அதற்குப் பிறகு
நாங்கள் ஏரிக்குள் இறங்கினாலே
கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு
எங்களைப் பார்ப்பார்கள்.

புதியது முன்னதைவிட முப்பத்தொரு கிலோ கூட.
கப்பித்தடத்தில் இருந்து இறக்கியதும்
படகு பின்பக்கமாகக் குந்தியது.
தண்ணீர் வடியவென்று வைத்த துளையால்
தண்ணீர் ஏறி வந்தது,
வீட்டுக்காரரைப் போல, கேட்காமல்.
பாட்டரியை முன்னுக்கு நகர்த்தினோம்.
நங்கூரத்தை, ஐஸ்பெட்டியை.
போதவில்லை.
"மச்சான், நீயும் முன்னுக்குப் போய் இரு."

போனார்.
எஞ்சினுக்கு அருகே அந்த மூலைதான்
ஒன்பது கோடையும் அவருடைய இடம்.
இடது காதை அதற்குக் கொடுத்தபடி இருப்பார்.
ஸ்கார்பரோவில் தகடு அடிக்கும் ஆலை
இருபது வருசத்தில் தின்று முடித்த காது அது.
அந்தப் பக்கம் நின்று நாங்கள் கூப்பிட்டால்
திரும்பமாட்டார்.
அந்த இரைச்சல் மட்டும்தான் உள்ளே போனது என்பதை
அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
பதினேழாயிரத்துக்குக் கையெழுத்து வைத்த பிறகு
அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான்
எனக்கு விளங்கியது.

சாவி. மூன்று பீப்.
புகை இல்லை, இருமல் இல்லை.
கடலைக் கடை வண்டி கூட
இதைவிடச் சத்தம் போடும்.
துறை பின்னே போய்க்கொண்டிருக்க
மச்சான் திரும்பிக் கேட்டார்:
"ஸ்டார்ட் பண்ணிட்டியா?"

முதல் பத்து மணி நேரம்
ஒரே வேகத்தில் ஓட்டாதே,
முழு வேகமும் வேண்டாம்,
கூட்டு, குறை, கூட்டு என்றான் வென்டெல்.
குக் குடாவில் எங்கும் போகாமல்
மேலும் கீழும் போய்வந்தோம்.
மூன்றாம் சுற்றில் ஒருவன்
கயிற்றைத் தூக்கிக் காட்டினான்.
இல்லை என்று கையசைத்தேன்.
நம்பவில்லை.
ரோல்ஸ் ஞாபகமாகவும் இருக்கலாம்.

திரும்பி வருகையில்,
அலை எழுப்பக்கூடாத எல்லைக்குள்,
மச்சான் எழுந்து பின்னால் வந்தார்.
சொன்னேன், பாரம், தண்ணீர் வரும் என்று.
சொன்னது அவருடைய இடது பக்கம்.
குனிந்து
எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
வைத்தபடியே நின்றார்.

துளையால் தண்ணீர் வந்தது.
என் சப்பாத்து நனைந்தது, அவருடையதும்.
வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.
அவர் கை அறிந்தது, தலையாட்டினார்.
கொஞ்சம் குறைத்தேன்.
அதற்கும் ஆட்டினார்.

மீட்டரில் ஒன்று தசம் நாலு.
இன்னும் எட்டும் சில்லறையும் கிடக்கிறது.