கை வைத்து மூடு

போன மழைக்கு எஞ்சின் தண்ணீர் குடித்தது.
மாணிக்கம் நகர் சுரங்கப்பாதை, பாதி இறக்கம்,
ஒரே ஒரு மடக்கு.
கனெக்டிங் ராடு கொண்டை ஊசியாய் வளைந்திருந்தது.
நூருல்லா அதைக் கழற்றி என் மடியில் வைத்து
நாற்பத்திரண்டாயிரம் என்றான்.
பின்னால் இருபத்திரண்டு தண்ணி கேன்,
சீல் பிரிக்காமல்,
அரை முழுகலாய் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனதை
ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பார்த்திருந்தேன்.

இந்த வருசம் ஐப்பசிக்கு முன்பே
சுவரைப் பார்த்து அளந்தோம்.
சடையங்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது
தண்ணீர் நின்ற கோடு,
எண்ணெய் ஏறி, சுண்ணாம்புக்கு அடங்காமல்.
அதற்கு மேல் ஒரு சாண் என்றேன்.
ரெண்டு என்றாள் சகாயமேரி,
என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்து.

தேசப்பன் பிளம்பர். வண்டி வேலை தெரியாது.
மூன்றங்குலக் குழாய் அவன் தோளில் வந்தது,
கக்கூஸ் தொட்டிக்குக் காற்றுப்போக்கியாய் நிறுத்துவானே,
அதே சாம்பல் நிறம்.
"இத்தினி நாளு நாத்தத்த மேல வுட்டுச்சு,
இனிமே காத்த கீழ இஸ்துக்கட்டும். இன்னா இப்போ?"

பேசின் பிரிட்ஜ் பழைய இரும்புக் கடையில்
லாரி ரேடியேட்டரின் ரப்பர் முழங்கை ஒன்று,
எடை போட்டுத் தந்தார்கள்.
பானெட்டின் பக்கத் தகட்டில் துளை போட்டோம்.
முதல் துளை தப்பு.
இரண்டு விரல் தள்ளி இன்னொன்று.
தப்பானது இன்னும் அங்கேயே இருக்கிறது,
விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசிக்கொண்டு.
குனிந்தால் ஒரு போல்ட் மட்டும் தெரியும்.

வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்
ஒரு சாயங்காலம் போயிற்று.
முன்னால் பார்த்தால் மழையைக் குடிக்கும்.
பின்னால் பார்த்தால் தூசி.
மணலிப் பக்கம் பார்த்தால்
நாம குடிக்கிறதையே குடிக்கும், வுடு, என்றான் நூருல்லா.
பின்னால் திருப்பி, டீ வடிகட்டியை வாயில் கட்டினோம்.
புது வடிகட்டி முப்பது ரூபாய் என்று
கேன் நோட்டிலேயே எழுதி வைத்தாள் சகாயமேரி.

பிறகு சோதனை.
வடிகட்டியை அவிழ்த்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு,
குழாயின் வாயைக் கையால் பொத்த வேண்டும்.
எல்லாம் இறுக்கமாக இருந்தால் வண்டி செத்துப்போகும்.
பொத்தினேன்.
சாகவில்லை.
எனக்கென்ன என்று ஓடிக்கொண்டிருந்தது.
எங்கோ திருட்டு மூச்சு.

தேசப்பன் ஊதுபத்தி கொளுத்தினான்.
இணைப்பு இணைப்பாகக் காட்டிக்கொண்டே வந்தான்.
புகை நேராய் ஏறியது, நேராய், நேராய்,
ரப்பர் முழங்கைக்கு அடியில் வந்ததும்
சட்டென்று படுத்து
நூலாய் உள்ளே போயிற்று.
நாலு பேரும் குனிந்து அந்த நூலையே பார்த்தோம்.
அப்புறம் க்ளாம்பை ஒன்றரைச் சுற்று இறுக்கி
எம்-சீல் பிசைந்து அப்பினோம்.

காலையில் மறுபடி கை.
இம்முறை இழுத்தது.
உள்ளங்கைச் சதை வட்டமாய்க் குழாய்க்குள் இறங்க,
வண்டி உதறி, மூன்று முறை இருமி,
நின்றது.
"செத்துச்சுடா!" என்று தேசப்பன் கத்திய கத்தலில்
எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டியபடி
யார், யார் என்று ஓடிவந்தார்.

கார்த்திகையில் வந்தது.
பானெட் மேல் தண்ணீர் ஏறியபோது
பெடலில் கால் இருக்கிறதா என்று காலுக்கே தெரியவில்லை.
பின்னால் சைலன்சர் கொப்பளித்தது.
கேன்கள் காசிமேட்டு வலைக்குள் முட்டி மோதின.
காதருகே அது இழுத்துக்கொண்டேயிருந்தது,
நான்தான் மூச்சுவிட மறந்திருந்தேன்.

மாடியிலிருந்து ஒரு குரல்:
"இன்னாபா, வண்டிக்கும் கக்கூஸ் கட்டிக்கினியா?"
ஆமாம் என்றேன்.
கேன் அதே முப்பத்தைந்துதான்,
கயிறு விடுங்கள் என்றேன்.