இடது கை மட்டும்

நிஸ்வாவுக்கு வெளியே பேரீச்சந்தோப்பில், எட்டாவது வரிசையில்
தயிர்க் குவளைகளைக் கழுத்துவரை புதைத்துவிட்டு வருவார்
சூசைமாணிக்கம்.
ஏழு நாள் கழித்து
மண்ணும் எறும்பும் ஒரு வண்டின் பாதியுமாக
என் மேசைக்கு வரும்.

வடிகட்டினால் சிலந்திகள்.
அநேகமாக எல்லாமே ஆண்கள்.
பெண்கள் பொந்தை விட்டு அதிகம் வருவதில்லை.
இவர்கள்தான் இரவெல்லாம் நடக்கிறார்கள்
வாய்க்கால் மணலில்,
குவளையின் விளிம்பு தெரியாமல்.

இதில் இரண்டு இனம்.
அதே சாம்பல், முதுகில் அதே வெளிறிய கோடு,
எட்டுக் கண்ணும் அதே மூன்று வரிசை.
பார்க்க வேண்டியது வேறிடம்:
வாயோரம் குட்டைக் கைபோல இரண்டு,
குத்துச்சண்டைக்காரனின் உறைமாதிரி நுனி வீங்கி.
அதற்குள் மடிந்திருக்கும்
ஒரு குமிழ், ஒரு கொக்கி, கருத்த ஒரு கம்பி.
கம்பி ஒரு சுற்றில் நின்றால் ஓர் இனம்.
ஒன்றரைச் சுற்று ஓடி நுனி பிளந்தால் மற்றது.
அந்த அரைச் சுற்றைத்தான்
பெண் பூட்டு அடையாளம் காண்கிறது என்பார்கள்.
நான் பார்த்ததில்லை.

வழக்கப்படி இடது கையைத்தான் கழற்றுவோம்.
ஏன் இடது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஒடிந்திருந்தால் வலதை வரைந்து
கண்ணாடியில் திருப்பிக்கொள்வேன்.

என்ன வேலை என்று அம்மா போனில் கேட்டாள்.
படம் வரைகிறேன்.
என்ன படம்?
பூச்சிப் படம்.
ஆண் பூச்சியின் எதை என்று சொல்லவில்லை.
அதற்கா அவ்வளவு தூரம் போனாய், என்றாள்.

எரிசாராயத்துக்கு மூன்று அலுவலகம் ஏறி
முத்திரை வாங்கினோம்.
எங்கள் கேம்ப்பில் எவனுக்கும் கிடைக்காததில்
இவன்கள் முங்கிக் கிடக்கிறான்கள் பாருங்கள்,
என்பார் சூசை.

சிலவற்றுக்கு உறை வீங்கியிருக்கும்,
உள்ளே ஒன்றும் விரிந்திருக்காது.
கடைசிச் சட்டையை உரிக்குமுன் விழுந்தவை.
'இனம் தெரியவில்லை' என்று எழுதி
மூடியை இறுக்குவேன்.

நேற்று சூசைக்கு அரைநாள் விடுப்பு.
அட்டை புதுப்பிக்கப் போனவரின் விரலை
இயந்திரம் ஏற்கவில்லை.
இங்கே வருமுன் பதினெட்டு வருடச் சிமென்ட்.
எலுமிச்சை தேய்த்துக் கழுவி வரச் சொன்னார்களாம்.
பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தாராம்.
கடைசியில் இடது கைச் சுண்டுவிரல்
எப்படியோ ஒத்துக்கொண்டதாம்.

"எனக்கும் இடதுதான் மேடம்."

நுண்நோக்கியில் பார்க்கச் சொன்னேன்.
ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.
கம்பி தெரிகிறதா?
என் இமைமயிர்தான் தெரியுது.
பிறகு: ஆ. இருக்கு.
எத்தனை சுற்று?
சொல்லவில்லை. அந்தச் சுண்டுவிரலைக்
காற்றில் சுழற்றினார்
ஒன்று,
பிறகு மெதுவாக அரை.
நிறுத்திவிட்டார்.

சாராயத்தில் கரையாத மையால் சீட்டு எழுதினேன்:
நிஸ்வா, வாய்க்கால் ஓரம், குவளை பதினாறு.
சேகரித்தவர் என்ற இடத்தில்
சூசை என்பதற்குள் தாள் முடிந்துவிட்டது.
திருப்பி, பின்பக்கம் எழுதினேன்
மாணிக்கம்.