மழை விட்டு மூன்றாம் நாள்

டாங்கி என் பங்கு. மண் ஸ்மைதாவுடையது.
முப்பத்தைந்தில் ஒன்றாய்ச் சுருங்கிய இரும்பை
நான் ஒட்டுவேன். கண்ணி கண்ணியாய்ச் சங்கிலி,
ஊசிமுனை அளவில் மரையாணிகள்.
ஒன்று குறைந்தாலும் எனக்குத் தூக்கம் பிடிக்காது.
அவள் கேட்பாள்:
எந்த மாதம்? கடைசி மழை எப்போது?
காற்று எந்தப் பக்கமிருந்து?
என்னிடம் இருப்பது
படைப்பிரிவின் எண் மட்டும்.

சல்துஸுக்கு வெளியே உருளைக்கிழங்கு வயலில்
அள்ளிவந்த களிமண்ணை
ரொட்டி சுடும் அடுப்பில் வாட்டுகிறாள்,
புழுவும் முட்டையும் சாகட்டுமென்று.
வேலை முடிந்து பசியோடு நுழைகிறேன்.
வீடு முழுக்கச் சூடான வாசனை.
அடுப்பைத் திறந்தால்
தட்டு நிறைய குர்ஸெமே நிலம்.

பிறகு மூன்று சல்லடை.
சுவருக்குக் குளிர் தாங்க ஒட்டியதில்
மிஞ்சிய நுரைப்பலகையைக் கத்தியால் சீவி
ஒரு மேடு, ஒரு வாய்க்கால்.
வடித்த தேயிலை சருகாகிறது.
வாசல் மிதியடியில் பிடுங்கிய தேங்காய்நார்,
எந்தக் கடலோரத்து மரமோ,
இங்கே அக்டோபர்ப் புல்.
பிர்ச் மரத்தின் கதிரை உள்ளங்கையில் கசக்கினால்
உதிரும் செதில் ஒவ்வொன்றும் மும்முனை இலை.
ஊதுகிறாள்.
விதை பறக்கிறது, இலை தங்குகிறது.
என் காப்பியில் பாதிக் காடு.

சண்டை வந்தது எடையில்.
நூற்றைம்பது கிராம் என் டாங்கி,
ஈரக் களியில் வைத்தால்
தண்ணீர்மேல் பூச்சிபோல் நிற்கிறது.
முப்பது டன், என்றேன்.
எங்கே, என்றாள்.
இரண்டு கட்டைவிரலையும் அதன் முதுகில் ஊன்றி
நாற்காலியைவிட்டு எழுந்து
உடம்பையெல்லாம் கொடுத்து அழுத்தினாள்.
ஒரு மரையாணி தெறித்தது.
சங்கிலி புதைந்தது.
ஓரத்தில் பிதுங்கிய மண்ணைப் பல்குச்சியால்
கொஞ்சம் கிழித்தும் விட்டாள்.
கனம் போகும் வழியில் மண் வாய்பிளக்குமாம்.
அன்றிரவு பேச்சில்லை.
முதல்முறையாக அது பாரமாகத் தெரிந்தது,
அதையும் நான் சொல்லவில்லை.

குல்டீகாவில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக்கூடம்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே எங்கள் மேசை.
நடுவர்கள் மூவர், கையில் குட்டி விளக்கு.
பின்மூடியில் ஒரு மரையாணி இல்லை
என்று எழுதிக்கொண்டார்கள்.
மண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
தரையைத் தரை என்று யார் எழுதுவார்?

மகனைத் தேடி வந்த ஒருவர், ரப்பர் பூட்ஸ்,
பால் கூட்டுறவுச் சட்டையில்
ஓயார்ஸ் என்று பெயர்ப்பட்டை.
டாங்கியைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.
குனிந்தார்.
தடத்தில் தேங்கிய நீர்,
பிசின் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை,
விளிம்பில் மண் வெளுத்து
நடுவில் இன்னும் கறுத்து.
"மழை விட்டு மூணு நாள்," என்றார்.
அப்புறம் ஸ்மைதாவிடம்,
"இடப்பக்கம் வாய்க்கால் அடைச்சிருக்கு.
வசந்தத்தில் இதில் பார்லி போடாதீங்க."
"போடமாட்டேன்," என்றாள் இவள்,
முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

எனக்கு மூன்றாம் பரிசு.
வரும் வழியெல்லாம் மடியில் நிலத்தை வைத்துக்கொண்டு
மேடு பள்ளத்தில் மெதுவாகப் போ என்றாள்.
கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது.
அது ஞாயிறு.

புதன் காலை எழுந்தால் ஆளில்லை, பூட்ஸும் இல்லை.
வேலைக்கு லீவு சொல்லிவிட்டு
வயலுக்குப் போயிருக்கிறாள், சரிபார்க்க.
மறந்துபோன தேநீர்க் குடுவையோடு நானும் போனேன்.
"நில்," என்று தூரத்திலிருந்தே கத்தினாள்,
"அங்கேயே நில்.
எவ்வளவு இறங்குகிறாய் என்று பார்க்கிறேன்."