ஒரு நிமிசம்

ஓல்டன் ரயில் சந்திக்குப் பின்னால்
மூன்றாம் மாடி எங்களுடையது.
குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு கோழி,
முட்டை அவிக்க நேரம் சொல்லும் பிளாஸ்டிக் கோழி.
கழுத்தைத் திருகிவிட்டால் டிக் டிக் என்று இறங்கி
முடிவில் கிணுகிணுக்கும்.

வாங்கி வைத்தவள் நான்தான்.
பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து
ஆசிரியை சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு
வீட்டுக்கு வந்து இளவேனுக்குச் சட்டம் போட்டேன்:
நாளைக்கு முப்பது நிமிசம் டேப்லெட்.
கோழி கத்தினால் மூட வேண்டும்.

முதல் கிழமை அழுதான்.
இரண்டாம் கிழமை பேரம் பேசினான்.
மூன்றாம் கிழமை ஒரு புதன்கிழமை, பின்நேரம்,
"அம்மா, பல்லு ஆடுது, பாருங்கோ."
"ஒரு நிமிசம், ராசா."

கோழியின் கழுத்தை
அவன் ஒரு நிமிசத்துக்குத் திருகியதை
நான் காணவில்லை.
முதல் தரம் அது கத்தியபோது
மேல்வீட்டு அழைப்புமணி என்று நினைத்தேன்.
இரண்டாம் தரம், சோறு என்று நினைத்தேன்.
சோறு வைக்கவேயில்லை.
பிறகு நினைக்கவும் இல்லை.

பதினோராம் தரம் நிமிர்ந்தேன்.
பல் அவன் உள்ளங்கையில் இருந்தது.
உதட்டில் ஒரு துளி இரத்தம்.
"நானே இழுத்தனான். நோகேல்லை" என்றான்,
பிறகு, கணக்கு வாத்தியார் போல,
"உங்கட ஒரு நிமிசம் பதினொண்டு."

அந்தப் பதினொன்றில் நான் பார்த்தவை:
கனடாவில் தங்கச்சி மகளின் சாறிப் படங்கள்.
முகம் தெரியாத ஒருவரின் மரண அறிவித்தல்.
முதியோர் இல்லச் சலவைக்கூடத்தின்
அடுத்த வார வேலைநேரம்.
இவை மூன்றையும் யாருக்கும் சொல்லலாம்.
மிச்ச நேரமெல்லாம்
எங்கோ ஒருவன் நூலால் வத்தகப்பழம் வெட்டினான்,
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வாசர் கிழிந்த பிரஷர் குக்கருக்குள்
சாப்பாட்டு நேரம் எங்கள் போன்கள் உறங்குகின்றன.
ஆராவ் உணவகத்தில் நாள் முழுக்கத் தட்டுக் கழுவும்
கேதீசுக்கும் விலக்கில்லை,
அவருக்கு விடுமுறை திங்கள் மட்டும் என்றாலும்.
முதல் திங்கள் குக்கர் உறுமியது.
மூவரும் அதையே பார்த்தோம்.
"பருப்பு வெந்திட்டுது" என்றார் அவர்.
சிரிப்பில் இளவேனுக்குப் புரையேறியது.

வெந்தது பருப்பல்ல, ஒரு சனிக்கிழமை வேலை.
எடுக்காத அழைப்புக்கு அது வேறொருத்திக்குப் போனது.
அதன் சம்பளத்தை மனதுக்குள் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.
செவ்வாயும் புதனும் போன் மடியிலேயே இருந்தது.
பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.
கோழியை மட்டும் மேசைக்கு நடுவில்
உப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.
வியாழன் குக்கரைத் திறந்தேன்.

ஞாயிறு,
இருவரும் வெறுங்கையோடு
தண்டவாளத்துக்கு மேலான நடைபாலத்தில் நின்றோம்.
"அலுப்படிக்குது" என்றான்.
எனக்கும்தான்.
கட்டைவிரல் சட்டைப்பையில் எதையோ தேடியது.
அதை வைத்து வேறென்ன செய்வதென்று
எனக்கும் மறந்திருந்தது.

சரக்கு ரயில் ஒன்று வந்தது.
மண்ணிற எண்ணெய்த் தாங்கிகள், பிறகு மரக்குற்றிகள்,
பாலம் எங்கள் குதிக்கால் வரை நடுங்கியது.
அவன் டொச்சில் எண்ணினான், நான் தமிழில்.
கடைசிப் பெட்டி வளைவில் மறைந்ததும் சொன்னான்,
டொச்சைத் தமிழில் அப்படியே கவிழ்த்து:
"ஒண்டும் முப்பதும்!"
"முப்பத்திரண்டு" என்றேன் நான்.
"எஞ்சினையும் எண்ணினீங்கள்."
"இல்லையடா."
"எண்ணினீங்கள்!"

படம் பிடித்திருந்தால் பார்த்திருக்கலாம்.
பிடிக்கவில்லை.
விழுந்த பல்லின் ஓட்டைக்குள் நாக்கை விட்டபடி
கம்பிக்கிடையில் முகத்தைப் பதித்துவிட்டான்.
குளிர்ந்தது. வீட்டில் துணி மடிக்கக் கிடந்தது.
அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று
எங்கள் இருவருக்கும் தெரியாது.