பூச்சியம்

முதல் அறிக்கையில் பூச்சியம் என்றிருந்தது.
நான் நம்பவில்லை.

உடையார்கட்டிலிருந்து ஓட்டோவில் வந்தவள் ஆரணி.
பத்தொன்பது வயது, விறைத்த பிடரி,
வெளிச்சத்துக்குக் கூசி மூடிய கண்.
மூன்றாம் முறையாக மூளைக்காய்ச்சல்.
முதல் முறை நாலு வயதில், செட்டிகுளத்து முகாமில்.
"அங்க ஆருக்குத்தான் காய்ச்சல் இல்லை" என்றார் தாய்.
ஒரே கிருமி ஒரே வீட்டுக்கு மூன்று தரம் வந்தால்
கிருமியை விட்டுப்போட்டுக்
கதவைப் பாருங்கோ என்றா டொக்டர் ஹிஷாமா.

கதவுக்கு எங்கள் பாடத்தில் பெயர் நிரப்பி.
குருதியில் அலையும் புரதங்கள்.
ஒன்று மற்றதை எழுப்பும், அது அடுத்ததை.
கடைசியில் எழும்புகிறவை கூடி
கிருமியின் தோலில் ஓட்டை போடும்.
இடையில் ஒன்று இல்லையென்றால்
மிச்சமெல்லாம் வரிசையில் நின்றபடியே நிற்கும்.

ஒரு கெட்ட குணம் அதற்கு:
சூடு ஆகாது.
கிளிநொச்சி வெயிலில், பஸ்ஸின் பின்சீற்றில்,
மதவாச்சிச் சந்தியில் நின்றுபோன எஞ்சினுக்குப் பக்கத்தில்
சத்தமில்லாமல் செத்துவிடும்.
கொழும்பில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் தண்ணியாகி
குழாய்கள் மிதந்தனவாம்.

ஆகவே அந்தப் பூச்சியம்
இல்லாமலே புறப்பட்டதா,
இருந்து வழியில் தொலைந்ததா?
காகிதத்தில் இரண்டும் ஒரே வட்டம்.

இரண்டாம் தரம் நானே எடுத்தேன்.
உறையவிட்டு, சுற்றிப் பிரித்து,
மஞ்சள் தெளிநீரை இரண்டு குழாயில் இட்டேன்.
ஒன்று ஆரணியுடையது, மற்றது என்னுடையது.
என்னுடையது உயிரோடு போய்ச் சேர்ந்தால்
வழியில் பிழையில்லை.
மீன் லொறிக்காரன் தவம் தந்த ஐஸ்,
அதற்குள் ஆனையிறவு உப்பு இரண்டு கிலோ,
றெஜிபோம் பெட்டி, சுற்றிலும் பிளாஸ்டர்.
இரவு ரயிலில் மடியில் வைத்திருந்தேன்.
மாங்குளம் தாண்ட முன்சீற்று ஐயா கேட்டார்:
"என்ன பிள்ளை, இறாலோ?"
ஓம் என்றேன்.
வவுனியாவரைக்கும் விலை கேட்டுக்கொண்டு வந்தார்.

அங்கே செம்மறியாட்டின் சிவப்பணுக்களில் ஊற்றிப் பார்த்தார்கள்.
நிரப்பி இருந்தால் அணு வெடித்து
நீரெல்லாம் சிவக்கும்.
என் குழாய் சிவந்தது.
அவளுடையதில் அணுக்கள் அப்படியே இறங்கி
அடியில் ஒரு குன்றிமணியாய்க் குந்தியிருந்தன.

பூச்சியம்.
இந்தமுறை உண்மையானது.
டொக்டர் மேசையில் தட்டினா,
சந்தோசம் போலத்தான் இருந்தது.
தடுப்பூசி, மாதம் ஒரு ஊசி,
காய்ச்சலென்றால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது.
இல்லையென்று தெரிந்தால் இவ்வளவு செய்யலாம்.

பிறகு வீட்டாருக்கும் பார்க்க வேணும்.
தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள்;
ஆளுக்கொரு பாதியைக் குறைவாய் வைத்துக்கொண்டு
முழுச் சுகமாய் இருக்கிறார்கள்.
ஒருநாளும் தடிமன்கூடப் பிடிக்காத
இளையவன் அகரனுக்கும்
அடியில் அதே குன்றிமணி.
அவனுக்குக் காய்ச்சலுக்கு முந்தியே ஊசி விழுந்தது.

படிவத்தில் இன்னொரு வரி:
சகோதரர் எத்தனை பேர்?
"மூன்று" என்றார் தாய். நான் நிமிரவில்லை.
மூத்தவர் செந்தூரன், பிறந்தது தொண்ணூற்றிரண்டு.
சின்னனில் காய்ச்சல் வந்ததா?
"ஒருக்கா. கழுத்து மடங்கேல்லை.
பிறகு சுகம்.
அப்பவே அவனுக்கும் பார்த்திருக்கலாம் என்ன?"

அப்போது இங்கே ஐஸே இல்லை என்று
சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.
இறந்தவர் என்றொரு பெட்டி இருந்தது, உயிரோடு என்றொரு பெட்டி.
இரண்டிலும் புள்ளடி போடாமல்
ஓரத்தில் எழுதினேன், ஆய்வுகூடத்து மொழியில்:
மாதிரி கிடைக்கவில்லை.
தாய் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு
கையெழுத்து வைத்தார்.

அகரன் சட்டைக்கையை இறக்கிக்கொண்டு கேட்டான்,
"அக்கா, அந்தச் செம்மறியைக் கொல்லுறதோ?"
இல்லையடா, கொஞ்ச ரத்தம்தான் எடுக்கிறது.
திரும்பத் திரும்ப.
"எங்களைப் போல" என்றான்,
வெளியே ஓட்டோ ஹோர்ன் அடித்தது.